கருவிழி மெலிந்தவர்களுக்குப் பன்றித்தோல் திசு: எப்போது கேட்பது, எப்படிக் கேட்பது

என் தம்பிக்குக் கெரட்டோகோனஸ், அதாவது கருவிழி மெலிந்து கூம்பாகும் நோய், என்று உறுதியானபோது அவனுக்கு வயது 19. அதற்கு முந்தைய இரண்டு வருடமும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்ணாடிக் கடைக்குப் போய் பவர் மாற்றிக்கொண்டே இருந்தோம், சிலிண்டர் பவர் ஏறிக்கொண்டே போனது, கடையில் யாரும் டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. அந்த இரண்டு வருடத்தை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறாது. அப்புறம் 2022 ஆகஸ்டில் பன்றித்தோலிலிருந்து செய்த கருவிழியால் பார்வை திரும்பியது என்ற செய்தி வந்தது. சித்தப்பாவில் தொடங்கி பக்கத்து வீட்டு அக்கா வரை எல்லோரும் அதை எங்களுக்கு அனுப்பினார்கள். அம்மா உடனே, "இனிமே வேற எதுவும் வேண்டாம், அது வர்ற வரைக்கும் பொறுத்திருப்போம்" என்று சொல்லிவிட்டார்.

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். பொறுத்திருக்கக் கூடாது. விலங்குத் திசு வைப்பது உண்மையிலேயே நம்பிக்கை தரும் வேலை, அதைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன். ஆனால் அது ஏற்கெனவே மெலிந்துபோன கருவிழியைத் தடிமனாக்கும் வழி, மெலியாமல் தடுக்கும் வழி அல்ல. நான் டாக்டர் இல்லை. ஒரு நோயாளியின் அண்ணனாகப் பல டாக்டர்களிடம் உட்கார்ந்து கேட்டதையும் தேடிப் படித்ததையும் வரிசைப்படுத்தித் தருகிறேன்.

கண்ணுக்குள் என்ன நடக்கிறது

கருவிழி என்று நாம் சொல்லும் கார்னியா, கைக்கடிகாரத்தின் மேல் கண்ணாடி மூடியிருப்பதுபோலக் கண்ணின் முன்னால் இருக்கும் தெளிவான படலம். நடுப்பகுதியில் அதன் தடிமன் ஏறத்தாழ 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டரைவிடக் கொஞ்சம் கூடுதல். பெரும்பகுதி கொலாஜன் இழைகள்தான். கெரட்டோகோனஸில் இந்த இழைகளின் பிடிப்பு தளர்ந்து படலம் மெலிகிறது, கண்ணுக்குள் எப்போதும் இருக்கும் அழுத்தம் அதை வெளியே தள்ளுகிறது. சைக்கிள் ட்யூப் தேய்ந்த இடத்தில் மட்டும் காற்றடித்தால் புடைத்துக்கொண்டு நிற்குமே, அதேதான். உருண்டையாக இருக்க வேண்டியது கூம்பாகிவிடுவதால் ஒரு விளக்கு மூன்று நான்கு விளக்காகத் தெரியும், எழுத்துகளுக்கு நிழல் விழும், இரவில் எதிரே வரும் வண்டியின் ஹெட்லைட் சிதறும்.

இங்கே இரண்டு பிரச்சினைகள் இருக்கின்றன, இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் காலத்தைத் தொலைக்கிறார்கள். ஒன்று, மெலிவு இன்னும் தொடர்கிறதா என்பது. இன்னொன்று, இதுவரை மெலிந்ததையும் கெட்டுப்போன வடிவத்தையும் என்ன செய்வது என்பது. முதலாவதற்கு ஒரு மருத்துவம், இரண்டாவதற்கு வேறு மருத்துவம். பன்றித் திசு இரண்டாவது வகை.

திசுவைப் பற்றிப் பேசுவதற்கு முன் முடிக்க வேண்டியவை

முதலில் கண்ணைக் கசக்குவதை நிறுத்துங்கள். இதைக் கேட்டு அலுத்திருப்பீர்கள், ஆனாலும் நிறுத்துங்கள். கண் அரிப்பும் ஒவ்வாமையும் இருக்கிற பிள்ளைகள் முஷ்டியை மடக்கிக் கண்ணில் வைத்து அழுத்தித் தேய்ப்பார்கள், ஏற்கெனவே தளர்ந்த இழைகளுக்கு அது பெரிய அடி. கசக்காதே என்று திட்டுவதால் பயனில்லை, அரிப்புக்கு டாக்டரிடம் சொட்டு மருந்து வாங்குங்கள், அரிக்கும்போது கண்ணை மூடி மேலே ஈரத்துணியை வையுங்கள். குப்புறப் படுத்துக் கண்ணைத் தலையணையில் அழுத்தித் தூங்கும் பழக்கம் இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். தம்பி தூக்கத்திலும் கசக்குவான் என்பது அவனோடு ஒரே அறையில் படுத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அடுத்தது அளவு. கருவிழியின் மேடு பள்ளத்தையும் தடிமனையும் வரைபடமாகக் காட்டும் டோப்போகிராஃபி ஸ்கேன் எடுக்க வேண்டும், பென்டகாம் என்ற கருவியின் பெயரைப் பல மருத்துவமனைகளில் கேட்பீர்கள். அந்தத் தாளில் இரண்டு எண்களை நீங்களே பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். ஒன்று மிக மெல்லிய இடத்தின் தடிமன், மைக்ரானில் இருக்கும். மற்றது கேமேக்ஸ், அதாவது எந்த இடத்தில் வளைவு மிகச் செங்குத்தாக இருக்கிறது என்ற அளவு, டையாப்டரில் இருக்கும். சாதாரணக் கருவிழியின் வளைவு சுமார் 43, 44 டையாப்டர். முற்றிய கெரட்டோகோனஸில் கேமேக்ஸ் 60ஐத் தாண்டுவதும் உண்டு. ஒரே ஒரு ஸ்கேனை வைத்து நோய் ஓடுகிறதா நிற்கிறதா என்று சொல்வது கடினம். சில மாத இடைவெளியில் எடுத்த இரண்டை ஒப்பிட்டால்தான் தெரியும், ஒரு வருடத்துக்குள் கேமேக்ஸ் 1 டையாப்டர் கூடினாலே ஓடுகிறது என்று பல டாக்டர்கள் எடுத்துக்கொள்வார்கள். அதனால் எல்லா ஸ்கேன் தாள்களையும் தேதி வாரியாக ஒரே ஃபைலில் வையுங்கள், முடிந்தவரை ஒரே வகைக் கருவியில் எடுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் ஸ்கேனுக்கு எத்தனை நாள் முன்பே கழற்ற வேண்டும் என்று போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். லென்ஸ் கருவிழியின் வடிவத்தைத் தற்காலிகமாக மாற்றிவிடும், கடினமான லென்ஸ் என்றால் வடிவம் பழைய நிலைக்கு வர வாரக்கணக்கில் ஆகலாம்.

நோய் ஓடுகிறது என்றால் செய்ய வேண்டியது கிராஸ்லிங்கிங். ரிபோஃபிளேவின், அதாவது வைட்டமின் பி2 கரைசலைக் கருவிழியில் ஊறவிட்டு புற ஊதாக் கதிரைப் பாய்ச்சி, இழைகளுக்கு நடுவே புதிதாகப் பிணைப்புகளை உண்டாக்குவது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உருவான முறை இது, 2003இல் மனிதர்களுக்குச் செய்த முடிவுகள் வெளிவந்தன. பழைய முறைப்படி மேல்தோலை நீக்கிய பிறகு குறைந்தது 400 மைக்ரான் தடிமன் மிச்சமிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கதிர் உள்ளே போய் கருவிழியின் உட்பக்கச் செல்களைக் கெடுக்கும். இங்கே நம் சென்னைக்கு ஒரு பங்கு உண்டு. டாக்டர் சூசன் ஜேக்கப், ரிபோஃபிளேவினில் ஊறிய மெல்லிய கான்டாக்ட் லென்ஸ் ஒன்றைக் கருவிழியின் மேல் வைத்து, தடிமன் குறைந்தவர்களுக்கும் கிராஸ்லிங்கிங் செய்யும் முறையை 2014இல் வெளியிட்டார். ஆகவே 'தடிமன் போதாது, ஒன்றும் செய்ய முடியாது' என்று ஓர் இடத்தில் சொன்னால் உடனே சோர்ந்துபோய்த் திரும்பாதீர்கள், மெலிந்த கருவிழிக்கான கிராஸ்லிங்கிங் பற்றி இன்னோர் இடத்தில் கேளுங்கள். என் தம்பிக்கு இப்படித்தான் இரண்டாவது இடத்தில் வழி கிடைத்தது.

பார்வைக்கு, கண்ணாடி போதாதபோது கடின கான்டாக்ட் லென்ஸ், அதுவும் நிற்காவிட்டால் வெள்ளைவிழி மேல் உட்காரும் பெரிய ஸ்கிலீரல் லென்ஸ். இவற்றாலேயே படித்து, வேலைக்குப் போய், வண்டி ஓட்டி நன்றாக இருப்பவர்கள் ஏராளம். லென்ஸ் பொறுக்கவில்லை, கருவிழி மிக மெலிந்துவிட்டது, கூம்பு மிகச் செங்குத்தாகிவிட்டது என்ற நிலையில்தான் திசு என்ற பேச்சே வருகிறது.

பன்றித் திசு வைப்பது என்றால் என்ன

இந்த ஆசை பழையது. 1838இலேயே நியூயார்க்கில் ரிச்சர்ட் கிஸ்ஸாம் என்ற மருத்துவர் ஒரு பன்றியின் கருவிழியை எடுத்து மனிதக் கண்ணில் தைத்தார், சில நாள் தெளிவாக இருந்து பிறகு கெட்டுவிட்டது. பன்றியின் செல்களை நம் உடல் அந்நியம் என்று கண்டுபிடித்துத் தாக்கும், அது அன்றைக்கு யாருக்கும் தெரியாது. இன்றைய முயற்சிகளில் பெரும்பாலானவை செல்களை நீக்கிவிட்டுக் கொலாஜனை மட்டும் வைத்துக்கொள்வதில் நிற்கின்றன.

விலங்குத் திசு என்று யாராவது சொன்னால் எந்த வகை என்று முதலில் கேளுங்கள், ஏனென்றால் செய்திகளில் எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டுக் கலக்கிவிடுகிறார்கள். பன்றியின் கருவிழியையே எடுத்து, செல்களை நீக்கிப் பயன்படுத்துவது ஒரு வகை. இதற்குச் சீனாவில் 2015இல் அனுமதி கிடைத்தது, பெரும்பாலும் கிருமி தின்ற புண்களில் கெட்ட முன்பகுதியைச் செதுக்கி எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைக்கிறார்கள். மாட்டின் இதயத்தைச் சுற்றியுள்ள உறையைப் பதப்படுத்தி ஒட்டாக வைப்பது இன்னொன்று, அது ஒளிபுகாத திசு, கண்ணில் பலவீனமான இடத்துக்குப் பலம் தர உதவுமே தவிரப் பார்வைக்கு நேரே வைக்க ஆகாது. கெரட்டோகோனஸ்காரர்களுக்குச் செய்தியில் வந்தது இந்த இரண்டும் இல்லை. அது பன்றித்தோலிலிருந்து பிரித்துச் சுத்திகரித்த கொலாஜனை, கான்டாக்ட் லென்ஸ் போன்ற தெளிவான வில்லையாக வார்த்தது.

சுவீடனின் லிங்ஷாப்பிங் பல்கலைக்கழகத்தில் நீல் லகாலி, மெஹ்ர்தாத் ரஃபாத் ஆகியோரின் குழு செய்தது அது. கொலாஜன் வெறுமனே இருந்தால் கண்ணில் கரைந்துவிடும். அதனால் வேதிப்பொருளால் ஒரு முறை, ரிபோஃபிளேவினும் புற ஊதாக் கதிரும் கொண்டு இன்னொரு முறை என்று இரட்டைப் பிணைப்பு போட்டார்கள். உணவுத் தொழிலில் மிஞ்சும் தோல் என்பதால் மூலப்பொருளுக்குப் பஞ்சமில்லை, வில்லையை இரண்டு வருடம் வரை வைத்திருக்கலாம். தானமாகக் கிடைக்கும் மனிதக் கருவிழியை இரண்டு வாரத்துக்குள் பயன்படுத்தியாக வேண்டும். கண்வங்கி இல்லாத ஊர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நினைத்துப்பாருங்கள்.

அறுவை முறைதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. வழக்கமான முழுத்தடிமன் மாற்று அறுவையில் நோயாளியின் கருவிழியின் நடுப்பகுதியை வட்டமாக வெட்டி எடுத்து, தானக் கருவிழியை வைத்து, சுற்றிலும் நுண்ணிய தையல் போடுவார்கள், கண் சற்று நேரம் திறந்தே இருக்கும். இங்கே எதையும் வெட்டி எடுப்பதில்லை. ஃபெம்டோசெகண்ட் லேசரால் கருவிழியின் கனத்துக்கு நடுவே, சட்டைத் துணிக்குள் பை தைப்பதுபோல ஓர் இடைவெளி உண்டாக்கி, சிறிய வெட்டு வழியாக வில்லையை உள்ளே நுழைத்து விரித்து விடுகிறார்கள். தையல் இல்லை. கருவிழியின் மேல்தோலும் உட்பக்கச் செல்களும் நோயாளியுடையவையே. உள்ளிருந்து தடிமன் கூடுகிறது, கூம்பும் தட்டையாகிறது.

2022 ஆகஸ்டில் நேச்சர் பயோடெக்னாலஜி இதழில் வந்த முடிவுகள் 20 பேருடையவை. டெல்லி எய்ம்ஸில் 12 பேர், டெஹ்ரானின் ஃபராபி கண் மருத்துவமனையில் 8 பேர். அவர்களில் 14 பேர் அறுவைக்கு முன் பார்வையற்றோர் கணக்கில் இருந்தவர்கள். இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்தார்கள், ஒருவருக்கும் திசு நிராகரிப்பு வரவில்லை. இந்தியக் குழுவில் தடிமன் சராசரியாக 200 மைக்ரானுக்கு மேல் கூடியது, வளைவு சராசரியாக 13.9 டையாப்டர் குறைந்தது, கான்டாக்ட் லென்ஸோடு பார்வை சராசரி 20/26, நம்மூர்க் கணக்கில் ஏறத்தாழ 6/8. ஈரான் குழுவில் கண்ணாடியோடு சராசரி 20/58, அதாவது 6/18க்குப் பக்கம். பார்வையற்றிருந்த இந்தியர்களில் மூவருக்கு 20/20, அதாவது முழுப் பார்வை, கிடைத்தது.

இந்த எண்களை வாசிக்கும்போது இரண்டு இடங்களில் நிதானியுங்கள். அந்தப் பார்வை இந்தியாவில் கான்டாக்ட் லென்ஸ் துணையோடும் ஈரானில் கண்ணாடியோடும் அளந்தது, லென்ஸே வேண்டாம் என்று ஆகிவிட்டதாக அர்த்தமில்லை. கூம்பு தட்டையானதால் முன்பு நிற்காத லென்ஸ் இப்போது நிற்கிறது என்பதுதான் அதிலுள்ள பெரிய நன்மை. இன்னொன்று, 20 பேர் என்பது பாதுகாப்பைச் சோதிக்கும் முதல் கட்ட முயற்சி. பத்து வருடம் கழித்து அந்த வில்லை எப்படி இருக்கும் என்று இரண்டு வருட ஆய்வால் சொல்ல முடியாது.

யாருக்கு இது ஒத்துவராது என்பதும் முறையைப் புரிந்துகொண்டால் தானே தெரியும். நோயாளியின் படலத்தை நீக்குவதில்லை என்பதால், பார்வைக்கு நேரே ஏற்கெனவே வெண்தழும்பு விழுந்திருந்தால் அது அப்படியே இருக்கும். உட்பக்கச் செல்கள் கெட்டதால் கருவிழி வீங்கியிருக்கிறது என்றால் அதையும் இது சரிசெய்யாது. அந்த நிலைகளில் டாக்டர் மனிதக் கருவிழி மாற்று அறுவையைச் சொன்னால், புதியதை மறைத்துப் பழையதைத் தலையில் கட்டுகிறார் என்று சந்தேகப்படாதீர்கள்.

கேட்கும் முறை

புதிய வழி என்று யாராவது உங்களுக்குச் சொன்னால், அது அனுமதி பெற்ற சிகிச்சையா, ஆய்வின் பகுதியா என்பதுதான் முதல் கேள்வி. இந்தியாவில் மருத்துவ ஆய்வுகளைச் சிடிஆர்ஐ என்ற அரசுப் பதிவேட்டில் பதிவு செய்ய வேண்டும், யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். பதிவு எண்ணைக் கேளுங்கள். எண் இல்லை, ஆனால் வில்லைக்கு லட்சக்கணக்கில் பணம் கேட்கிறார்கள் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், தமிழில் கேட்பது உங்கள் உரிமை. வீட்டுக்கு எடுத்துப்போய் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லத் தயங்காதீர்கள். ஆய்வால் கண்ணுக்குப் பாதிப்பு வந்தால் மருத்துவச் செலவையும் இழப்பீட்டையும் யார் தருவார்கள் என்று அந்தப் படிவத்தில் எழுதியிருக்க வேண்டும்.

அப்புறம் டாக்டரிடம் கேட்க வேண்டியவை. என் கண்ணில் நோய் நின்றுவிட்டதா, இன்னும் ஓடுகிறதா? வில்லையின் தடிமன் எவ்வளவு, என் கருவிழிக்கு அதை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்? உள்ளே மங்கலானால் வெளியே எடுக்க முடியுமா, எடுத்த பிறகு மனிதக் கருவிழி மாற்று அறுவை செய்ய வழி இருக்கிறதா? நீங்கள் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சமாக இருக்கும், எனக்கும் இருந்தது. நல்ல டாக்டர் அதற்குக் கோபப்படுவதில்லை.

இன்னொரு கேள்வியும் உண்டு. மனிதத் திசுவாலேயே தடிமன் கூட்டும் வழி எனக்குப் பொருந்துமா? இதே சூசன் ஜேக்கப், தானக் கருவிழியிலிருந்து வில் வடிவத்தில் துண்டுகள் வெட்டிக் கருவிழிக்குள் லேசர் போட்ட பாதையில் நுழைக்கும் கெய்ர்ஸ் முறையை 2018இல் வெளியிட்டார். பலருக்கு அது இன்றே கிடைக்கக்கூடிய வழி. என்னைக் கேட்டால், எட்டாத ஒன்றுக்காக ஏங்குவதைவிட எட்டுவதை முதலில் விசாரியுங்கள் என்பேன்.

பன்றி என்றதும் சில வீடுகளில் பேச்சு அங்கேயே நின்றுவிடும். மாட்டுத் திசு என்றால் வேறு சில வீடுகளில். இதை அறுவைக்கு முதல் நாள் கிளப்பாதீர்கள், முதல் சந்திப்பிலேயே எந்த விலங்கு, எந்தப் பகுதி என்று கேட்டுவிட்டு, உங்கள் ஜமாத்திலோ பெரியவர்களிடமோ பேச நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஈரானில் 8 பேருக்கு இதே வில்லை வைக்கப்பட்டது என்ற தகவல் அந்தப் பேச்சுக்கு உதவும். மனம் ஒப்பவில்லை என்றால் மனிதத் திசு வழிகள் இருக்கின்றன, ஒப்பாத மனதோடு யாரும் படுக்கையில் ஏற வேண்டியதில்லை.

வைத்த பிறகு

அந்த ஆய்வில் நிராகரிப்பைத் தடுக்கும் சொட்டு மருந்து எட்டு வாரம் போதுமானதாக இருந்தது. மனிதக் கருவிழி மாற்றினால் ஒரு வருடமோ அதற்கு மேலோ போட வேண்டியிருக்கும். எட்டு வாரமானாலும் ஒழுங்காகப் போட வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு மருந்துக்கும் அடுத்ததற்கும் ஐந்து நிமிடம் இடைவெளி விட்டு, பாட்டில் முனை இமையில் படாமல் விடுங்கள். கண்ணாடிப் பீரோவில் நேரப் பட்டியல் ஒட்டி வைப்பது எங்கள் வீட்டில் நன்றாக வேலை செய்தது. ஸ்டீராய்டு சொட்டு சிலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றும், வெளியே ஒன்றும் தெரியாது, அதனால் சொன்ன தேதியில் அழுத்தம் பார்க்கப் போகாமல் இருக்காதீர்கள். நன்றாகிவிட்டதே என்று அதே மருந்தைக் கடையில் திரும்பத் திரும்ப வாங்கிப் போடவும் கூடாது.

இரவில் பிளாஸ்டிக் மூடியைக் கண்மேல் ஒட்டிக்கொண்டு தூங்குங்கள். தலைக்கு ஊற்றுவது, குளம், கிணறு, நீச்சல் எல்லாம் டாக்டர் சொல்லும் வரை வேண்டாம். பாட்டி அன்போடு தாய்ப்பாலும் விளக்கெண்ணெயும் நந்தியாவட்டைச் சாறும் கொண்டு வருவார், அவர் மனம் நோகாமல் மறுத்துவிடுங்கள், ஆனால் கட்டாயம் மறுத்துவிடுங்கள். புது வெட்டுள்ள கண்ணில் கிருமி போனால் வைத்த திசுவோடு கண்ணும் போய்விடும்.

சிவப்பு, வலி, வெளிச்சம் பார்க்க முடியாத கூச்சம், திடீரென மங்கல், இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே போக வேண்டும், திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். அறுவை எதுவும் செய்யாத கெரட்டோகோனஸ் கண்ணிலும் ஒரு நாள் திடீரென வலித்து, கருவிழி வெள்ளையாகி, பார்வை மறையலாம். உட்படலம் கிழிந்து நீர் உள்ளே ஏறுவதால் வருவது அது. அதற்கும் அதே நாள்தான்.

பார்வை முதல் வாரத்திலேயே நிலைக்கு வந்துவிடாது. தடிமனும் வளைவும் நின்றபிறகு டோப்போகிராஃபி எடுத்து, அதன்படி புதிதாக லென்ஸ் அளவு எடுக்க வேண்டும். பழைய லென்ஸை எடுத்து மாட்டிப் பார்க்காதீர்கள், அது பழைய கூம்புக்காகச் செய்தது. லென்ஸ் பொருத்துவதில் அனுபவமுள்ள ஆப்டோமெட்ரிஸ்ட் யார் என்று அறுவைக்கு முன்பே விசாரித்து வையுங்கள், இரண்டு மூன்று தடவையாவது போய் மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கும்.

இது குடும்பத்தில் ஓடக்கூடிய நோய் என்பதால் கூடப்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு டோப்போகிராஃபி எடுத்துவிடுங்கள். தம்பியை அழைத்துப்போன அன்றைக்கே நானும் எடுத்துக்கொண்டேன். என் கண் சரியாக இருந்தது, சின்னத் தங்கச்சிக்கு ஆரம்ப அறிகுறி தெரிந்தது. அவளுக்கு அந்த வருடமே கிராஸ்லிங்கிங் செய்தோம், இன்றுவரை சாதாரணக் கண்ணாடியோடு படித்துக்கொண்டிருக்கிறாள்.